பதினாலாவது உருப்படி

பிப்ரவரி 11

அத்தைக்கு,

என் நம்பரை நீங்க பிளாக் பண்ணிட்டீங்கன்னு தெரியும். தப்பு சொல்லல. அதனாலதான் எழுதுறேன். டிப்ளமோ பரீட்சைக்கு அப்புறம் பேனாவுல இவ்வளவு நீளமா எழுதினதில்ல. எழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க.

ஜனவரியில உங்க பொண்ணோட சாமானையெல்லாம் மூணு பெட்டியில அனுப்பினேன். உள்ள ஒரு லிஸ்ட் வச்சிருந்தேன், மொத்தம் அறுபத்தொரு உருப்படி. அதுல பதினாலாவது: கறுப்பு ஷூ, ஒரு ஜோடி, வேலைக்குப் போட்டது, வலது குதி வெளிப்பக்கம் நாலு மில்லிமீட்டர் தேய்வு. அது மட்டும் எனக்குத் திருப்பி வேணும்.

ஏன்னு சொல்றேன். போன வருஷம் அவளுக்குக் குதிகால் வலி வந்துச்சு. துணிக்கடையில நாளைக்குப் பத்து மணி நேரம் நின்னா வராம என்ன செய்யும். ஷூவுக்குள்ள போடற மெத்தை நாலஞ்சு வாங்கிப் பாத்தோம், ஒண்ணும் ஒத்து வரல. கடைசியில நான் வேலையில கோல்டு ரூம் பைப்புக்குச் சுத்துற கறுப்பு ஃபோமை எடுத்து, அவ பாதத்து அளவுக்கு வெட்டி, மூணு அடுக்கா ஒட்டி உள்ள வச்சேன். எட்டு மாசம் அதுல நின்னா. அந்த ஃபோம் ஒரு தடவை அமுங்கிட்டா திரும்ப எழும்பாது. அவ கால் அப்படியே அதுல பதிஞ்சிருக்கு. குதி ஒரு பள்ளம், அஞ்சு விரலும் அஞ்சு பள்ளம்.

பெட்டி கட்டும்போது இது என் மண்டையில உறைக்கல. நம்பர் போட்டுக்கிட்டே போயிட்டேன். இப்ப தேடினா, அவ எடை பதிஞ்ச பொருள்னு இந்த வீட்டுல ஒண்ணுகூட இல்ல. போட்டோ இருக்கு. எல்லாம் தட்டையா இருக்கு.

அனுப்பி வையுங்க அத்தை.

மருமகன்


பிப்ரவரி 19

லெட்டர் வந்துச்சு.

அறுபத்தொரு உருப்படி! பாப்பாவைக் கட்டிக் குடுத்து அனுப்பினப்ப நான் எதையும் எண்ணி அனுப்பல. நீ எண்ணி, நம்பர் போட்டு, டைப் அடிச்சு அனுப்பியிருக்க. முப்பத்திரெண்டாவது, ஹேர் கிளிப், ஏழு, அதுல ஒண்ணு உடைஞ்சது. அதைப் படிச்சப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்னு உன் மில்லிமீட்டர்ல அளந்து சொல்லேன் பாப்போம்.

அவ போய் ஒரு மாசம்கூட ஆகல, வீட்டைத் துடைச்சு வழிச்சிட்ட. அன்னிக்கு மட்டும் என்ன பண்ண? பொண்ணு ஐஸ் பெட்டிக்குள்ள கிடக்கா. வந்தவங்க, போனவங்க, யாருன்னே தெரியாத கஸ்டமர் ஒருத்தங்க, அவங்ககூட அழுதாங்க. நீ ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கிட்டுப் பெட்டிக்கு அடியில படுத்துட்ட. எல்லார் முன்னாடியும் கேட்டேன், நீ புருஷனா, மெக்கானிக்கான்னு. இன்னும் பதில் வரல.

ஷூ இருக்கான்னு பாக்கணும். பெட்டியை நான் முழுசாப் பிரிக்கல. இருந்தாலும் குடுக்கலாமா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணணும். பெத்தவ நான்.

அப்புறம் ஒண்ணு. இங்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல என்கூட இஸ்திரி மேசையில நிக்கிற ஒருத்திக்குக் குதிகால் வலி. காலைக் கீழ வைக்க முடியலங்கறா. "நிக்க முடியலைன்னா சொல்லிடுங்கம்மா, வேற ஆள் பாத்துக்கறேன்"னு சூப்பர்வைசர் பய மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். பாப்பாவுக்கு நீ என்னென்னமோ பண்ணியே, அதை எழுது. அவளுக்காகத்தான் கேக்கறேன். எனக்கு ஒண்ணும் இல்ல.

பாப்பாவோட அம்மா


பிப்ரவரி 24

அத்தைக்கு,

முதல்ல அந்த அம்மா விஷயம். எங்க வலின்னு தெரியாம எதுவும் பண்ணக் கூடாது. மெஷினையே நான் கேள்வி கேட்டுட்டுதான் கழட்டுவேன்.

காலையில படுக்கையை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடி, ஆணி மேல வச்ச மாதிரி இருக்கா? பத்து இருபது அடி நடந்தா கொஞ்சம் விடுதா? சாயங்காலம் திரும்ப வருதா? குதிக்கு அடியில, கொஞ்சம் உள்பக்கமா, கட்டை விரலால அழுத்தினா கத்துறாங்களா? ஆமான்னா உங்க பொண்ணுக்கு வந்த அதே வலிதான். குதியில இருந்து விரல் வரைக்கும் அடிப்பாதத்துல ஒரு பட்டை மாதிரி நார் ஓடுது. நின்னு நின்னு அது நைஞ்சு போகுது. தூங்கும்போது சுருங்கிக் கிடக்கும், முதல் அடியில வெடுக்குனு இழுபடும். பழைய கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகறப்ப ஊரைக் கூட்டிட்டு, ஓட ஓட அடங்கும் பாருங்க, அந்த மாதிரி.

செய்ய வேண்டியது: எழுந்ததும் காலைக் கீழ ஊனக் கூடாது. படுக்கையிலயே உக்காந்து, கால் விரல்களைக் கையால பிடிச்சு முழங்கால் பக்கமா இழுத்து முப்பது எண்ணணும். விட்டுட்டு மறுபடி. மூணு தடவை. அப்புறம்தான் முதல் அடி. பகல்ல சுவத்துல ரெண்டு கையும் ஊனி, வலிக்கிற காலைப் பின்னாடி நீட்டி, குதி தரையை விட்டு எழும்பாம சாயணும். கெண்டைக்கால் இழுபடும், அங்கயும் முப்பது. சாயங்காலம் ஒரு பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல உறைய வச்சு, மேல ஒரு துணியைச் சுத்தி, பாதத்துக்கு அடியில பத்து நிமிஷம் உருட்டணும். வெறும் ஐஸ் தோல் மேல படக் கூடாது. வெறுங்கால்ல சிமென்ட் தரையில நடக்கவே கூடாது. ரெண்டு நாள்ல போகாது. உங்க பொண்ணுக்கு மூணு மாசம் ஆச்சு.

அவங்களுக்குச் சர்க்கரை இருக்கா, கால் மரத்துப் போகுதான்னு கேளுங்க. அப்படின்னா ஐஸ் வேணாம். வீங்கினாலோ, சிவந்து சூடா இருந்தாலோ, காலை ஊனவே முடியலைன்னாலோ கை வைத்தியம் வேணாம், டாக்டர்கிட்ட போகணும். பயப்பட வேணாம். உங்க பொண்ணு தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சதுக்கும் இந்தக் குதிவலிக்கும் சம்பந்தமே இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. நான் மூணு தடவை கேட்டேன்.

இன்னும் ரெண்டு தகவல் வேணும். அவங்க பாதத்தை நனைச்சு ஒரு பழுப்புத் தாள் மேல ஊனி, ஈரம் காயறதுக்குள்ள ஓரத்தைப் பேனாவால வரைஞ்சு அனுப்பச் சொல்லுங்க. அவங்க போடற ஷூ எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னும் சொல்லணும். மெத்தை வெட்டித் தர்றேன்.

புருஷனா மெக்கானிக்கான்னு கேட்டீங்க. அன்னிக்குப் பெட்டியோட சத்தம் நின்னுச்சு. அத்தனை அழுகைக்கு நடுவுல அது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. மோட்டாரைக் கிளப்பற கெபாசிட்டர் போயிருந்தது. உங்க அக்கா வந்து சேர இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. ஆறு மணி நேரம் அது ஓடலைன்னா உள்ள என்ன ஆகும்னு அங்க இருந்த எல்லாரையும் விட எனக்கு நல்லாத் தெரியும், அதான் என் தொழில். பையில ஒரு கெபாசிட்டர் இருந்துச்சு, மாட்டினேன். அவளுக்குச் செய்யறதுக்கு எனக்கு வேற ஒண்ணும் மிச்சமில்ல அத்தை.

அழுகை இன்னும் வரல. வந்தா சொல்றேன்.

ஷூவைத் தேடிப் பாத்தீங்களா?

மருமகன்


மார்ச் 5

தம்பி,

நீ கேட்டதையெல்லாம் அவகிட்ட கேட்டுட்டேன். ஆமா, ஆமா, ஆமா. அழுத்தினா கத்துறதென்ன, ஆளையே அடிக்க வர்றா. சர்க்கரை இல்ல, போன மாசம்தான் இங்க ஆஸ்பத்திரியில பாத்தாங்க. கால் மரத்துப் போகுதான்னு கேட்டிருக்க. அவ கால் நல்லாத்தான் இருக்கு. மரத்துப் போன ஆள் யாருன்னு எனக்குத் தெரியும்.

பாட்டில் வைத்தியம் அவளால ஆகாது. ஃப்ரிட்ஜ் இல்ல. இருந்த ஃப்ரிட்ஜ் போன வருஷமே நின்னு, இப்ப அதுக்குள்ள துணி மடிச்சு வச்சிருக்கா. ஏன்டி ஆள் கூப்பிட்டுக் காட்டலன்னு கேட்டா, அவ பொண்ணு சொன்னாளாம், "வேற யாரையும் கூப்பிடாதம்மா, லீவு கிடைச்சா அவரே வந்து பாப்பாரு"ன்னு. லீவு கிடைக்கல.

ஷூ வலது குதி வெளிப்பக்கம் தேஞ்சிருக்கு. பாத அச்சு இதோட இருக்கு. விரிப்பு கட்டி வர்ற பழுப்புத் தாள்ல எடுத்தது, ஒரு ஓரம் கிழிஞ்சிருக்கும். ஒத்தக் கால்ல நின்னு, குனிஞ்சு வரையறதுக்குள்ள அவ விழுந்து வாரியிருப்பா. எஞ்சினியர் வைத்தியம்னா சும்மாவா.

பாப்பா உனக்கு "ஸ்க்ரூ"ன்னு பேர் வச்சிருந்தா, தெரியுமா? "ஸ்க்ரூ இன்னிக்கு என் காலை ஸ்கேலை வச்சு அளந்துச்சும்மா"ன்னு போன்ல சிரிப்பா. அப்ப எனக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு.

கெபாசிட்டர் விஷயத்தைப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன்.

ஷூவைத் தேடிக்கிட்டிருக்கேன்.

அத்தை


மார்ச் 10

அத்தைக்கு,

அச்சு வந்துச்சு. ஃபோம் வெட்டறதுக்கு எடுத்த உங்க பொண்ணோட அச்சு என் டூல் பெட்டியில இருந்தது, அதை நான் லிஸ்ட்ல போடல. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சு ஜன்னல் வெளிச்சத்துல பாத்தேன். கட்டை விரலை விட ரெண்டாவது விரல் நீளம். சுண்டு விரல் கொஞ்சம் உள்ள மடங்கியிருக்கு. நடுவுல அதே வளைவு. இப்ப வந்தது ஒரு சைஸ் சின்னது, அவ்வளவுதான்.

அந்த அம்மா நீங்கதான்.

அது பரவாயில்ல. இன்னொண்ணுதான் என்னால தாங்க முடியல. இந்த அச்சுல எடை உள்பக்கமா விழுது. உள்பக்கம் எடை விழுற கால் ஷூவை வெளிப்பக்கம் தேய்க்காது. தேய்க்கவே முடியாது. அந்தத் தேய்வு உங்களோடது இல்ல. அது நாலு மில்லிமீட்டர் இருக்கும், அளந்தது நான். அவ பில் போடற மேசையில வலது பக்கமா சாஞ்சு நிப்பா, அதுல வந்தது.

தேடிக்கிட்டிருக்கேன்னு எழுதினீங்க. உங்க கால்லயே இருக்கு.

எத்தனை நாளா? அமுங்கினா எழும்பாதுன்னு நான் எழுதினதுக்கு அப்புறமும் போட்டிருக்கீங்க. தினமும் எட்டு மணி நேரம் அது மேல நின்னிருக்கீங்க. நான் ஊசி போட்டுத் தைக்கற மாதிரி ஒட்டி வச்சது. இந்த மூணு மாசத்துல எனக்குச் சாப்பாடு ருசிச்சதில்ல, வெயில் உறைச்சதில்ல, யாராவது திட்டினாலும் வலிச்சதில்ல. இன்னிக்குக் கோபம் வந்துச்சு. எழுத்தைப் பாத்தாலே தெரியும்.

வீட்டைத் துடைச்சு வழிச்சிட்டேன்னு சொன்னீங்களே. அவ பொருள் கண்ணுல படும்போதெல்லாம், கடைக்குப் போயிருக்கா, ஒன்பது மணிக்கு வந்துடுவான்னு தோணுச்சு. ஒன்பதே காலுக்கு அவ இல்லைன்னு மறுபடி தெரிஞ்சுச்சு. தினமும். அதனால கட்டி அனுப்பினேன். நீங்க வச்சு அழுவீங்க, பத்திரமா இருக்கும்னு நினைச்சேன். போட்டுக்கிட்டு நடப்பீங்கன்னு நினைக்கல.

கழட்டிடுங்க. எனக்காகச் சொல்லல. அச்சு போயிருந்தா போகட்டும். நான் வச்ச மேடு அவ பாத வளைவுக்கு வச்சது, உங்களுக்கு அது தள்ளி உக்காருது. குதி தேஞ்ச ஷூ வேற உங்க காலை ஒரு பக்கமாத் திருப்புது. அதுதான் உங்க நாரைப் பிய்க்குது. கழட்டலைன்னா சுவத்துல சாஞ்சாலும் ஆகாது, பாட்டிலை உருட்டினாலும் ஆகாது.

மருமகன்


மார்ச் 17

மாப்பிள்ளை,

பிடிபட்டுட்டேன். தாள்ல காலை வச்சு பிடிபட்டவ உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

பெட்டி வந்த அன்னிக்கே பிரிச்சுட்டேன். மத்ததெல்லாம் மடிச்சு இருந்துச்சு, அது மட்டும்தான் ஆள் இப்பத்தான் கழட்டிப் போட்ட மாதிரி இருந்துச்சு. காலை விட்டுப் பாத்தேன். பள்ளம் பள்ளமா இருந்துச்சு. அவ கால் மேல என் காலை வச்ச மாதிரி. சின்னப் புள்ளையில என் பாதத்து மேல ஏறி நின்னுக்கிட்டு, என் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடப்பா. நான் நடந்தா அவளும் நடப்பா. இப்ப திருப்பி. அப்புறம் எப்படிக் கழட்டறது, சொல்லு.

ரெண்டாவது வாரம் வலி வந்துச்சு. நீ எழுதினதுல ஒண்ணுகூட நான் செய்யல. முப்பது எண்ணல, சுவத்துல சாயல. வேலை போயிடுமேன்னு கேட்டு வாங்கினேனே தவிர, செய்ய மனசு வரல. ஏன்னு சொல்றேன், திட்டாத.

போன வருஷம் அவ எனக்குப் போன் பண்ணி, "அம்மா, காலையில காலைக் கீழ வச்சா உயிர் போகுது"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு கவுண்டர்ல நிக்கறதுக்கே இந்தப் பாடா? நான் முப்பது வருஷமா நிக்கறேன், நான் என்னிக்காவது சொல்லியிருக்கேனா"ன்னேன். சும்மா வாய் போன போக்குல சொன்னது. அவ சிரிச்சா. அதுக்கப்புறம் கால் வலியைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. மூணு மாசம் வலிச்சுதுன்னு உன் லெட்டரைப் பாத்துத்தான் எனக்குத் தெரியும். நீ ஃபோம் வெட்டி வச்ச. நான் ஆறுதலா ஒரு வார்த்தைகூட வைக்கல.

அதனால காலையில அந்த முதல் அடி குத்தும்போது, இங்கதானடி உனக்கும் வலிச்சுதுன்னு கேப்பேன். அது விட்டுப் போச்சுன்னா அவகிட்ட கேக்கறதுக்கு எனக்கு வேற ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். பாப்பாவோட அப்பா போனப்ப எனக்கு இருபத்தொன்பது வயசு. உன் வயசுதான். நானும் அழல. நாலாவது நாள் மேசைக்குப் போயி இருநூறு விரிப்பு தேச்சேன். கல்லுன்னாங்க. அழுத்தக்காரின்னாங்க. அன்னிக்கு உன்னை நான் கேட்ட கேள்வி, அதே வார்த்தை இல்ல, ஆனா அதேதான், என்னை என் மாமியார் கேட்டாங்க. இத்தனை வருஷம் அதை நெஞ்சுல வச்சிருந்து உன்கிட்ட இறக்கியிருக்கேன் போல.

ஷூவுல வலது மட்டும் இதோட அனுப்பறேன். இடது என்கிட்ட இருக்கட்டும். முழுசாக் குடுக்க மனசு வரல, முழுசா வச்சுக்கவும் எனக்கு உரிமை இல்ல. ஒத்த ஷூவை யாராலயும் போட்டுக்கிட்டு நடக்க முடியாது. பயப்படாத.

அத்தை


மார்ச் 24

அத்தைக்கு,

வலது வந்து சேந்துச்சு. உள்ள இருந்த மெத்தையை வெளிய எடுத்தேன். குதிப்பள்ளம் உங்களோடது. அது முழுசா மாறிடுச்சு, நான் அளந்து வச்ச எதுவும் அங்க இல்ல. ஆனா முன்னாடி, நுனியில, அவ விரல் அஞ்சும் இருக்கு. உங்க கால் ஒரு சைஸ் சின்னது இல்லையா, அங்க உங்க விரல் எட்டல. எட்டாத இடத்துல அவ அப்படியே இருக்கா. இடதுலயும் பாருங்க. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சாத் தெரியும்.

ஆழம் பாக்கலாம்னு வெர்னியரை எடுத்தேன். அளக்கல. வச்சுட்டேன்.

நீங்க ஒண்ணு சொன்னதால நானும் ஒண்ணு சொல்றேன். டிசம்பர் எட்டாந்தேதி அவ வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வச்சா, சாயங்காலம் வந்து உருட்டறதுக்கு. வலி அவளுக்கு எப்பவோ போயிடுச்சு, பழக்கம் விடல. கவுண்டர்ல நின்னுக்கிட்டு இருக்கும்போதே விழுந்தவ வீடு திரும்பல. அந்தப் பாட்டில் இன்னும் அங்கதான் இருக்கு. அறுபத்தொண்ணுல அது இல்ல. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நடுப்பகல்ல கரண்ட் போயி நாலு மணி நேரம் வரல. ஊர்ல இருக்கற ஃப்ரீசரையெல்லாம் பாத்துக்கறவன், ஒரு பாட்டிலைப் போர்வையில சுத்திக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பாதி தண்ணியாச்சு. கரண்ட் வந்ததும் மறுபடி உறைஞ்சிடுச்சு. யாருக்காக அதைக் காப்பாத்தறேன்னு எனக்கே தெரியல.

இப்பத் தெரியுது. அது உருட்டறதுக்கு ஊத்தின தண்ணி.

வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன். திங்கக்கிழமைக்கும் லீவு சொல்லிட்டேன். ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கற துணியை எடுத்து வெளிய வையுங்க, சுவத்துல இருந்து ஒரு முழம் தள்ளி வையுங்க, தனியா இழுக்காதீங்க, பக்கத்துல யாரையாவது கூப்பிடுங்க. கம்ப்ரஸர் போயிருந்தாலும் பரவாயில்ல, ஒண்ணு கொண்டு வர்றேன். பாட்டிலை எங்க கம்பெனி ஐஸ் பெட்டியில வச்சு எடுத்துட்டு வருவேன். உருகாது. அந்த வேலை எனக்குத் தெரியும். துணி சுத்தி, பத்து நிமிஷம், அதுக்கு மேல வேணாம்.

இதோட ஒரு ஜோடி மெத்தை இருக்கு, உங்க அச்சுக்கு வெட்டினது. அவளோட வளைவுதான் உங்களுக்கும், அஞ்சு மில்லிமீட்டர் பின்னாடி தள்ளியிருக்கேன். புது ஷூவுல போடுங்க. தேஞ்சது எதுலயும் போடாதீங்க. முதல் வாரம் கொஞ்சம் அந்நியமா இருக்கும்.

வலி போச்சுன்னா அவகிட்ட கேக்க ஒண்ணும் இருக்காதுன்னு எழுதினீங்க. அதைப் படிச்சுட்டுத்தான் பசையை எடுத்தேன். மெத்தை ஒட்டும்போது பசை டப்பா மேல என்னமோ சொட்டுச்சு. சீலிங்கைப் பாத்தேன், ஒழுகுதான்னு. ஒழுகல. வந்தா சொல்றேன்னு எழுதியிருந்தேன் இல்ல, அதனால சொல்றேன்.

எனக்குக் கால் வலி கிடையாது. ஆனா காலையில படுக்கையை விட்டுக் காலைக் கீழ வைக்கிற அந்த முதல் அடி எனக்கும் ஆக மாட்டேங்குது அத்தை. உக்காந்தே இருக்கேன். நீங்க ஆறு மணிக்கு எழுந்திரிப்பீங்கன்னு அவ சொல்லியிருக்கா. நாளைக்கு எழுந்ததும் உடனே ஊனிடாதீங்க. விரலை இழுத்துப் பிடிங்க. முப்பது எண்ணுங்க. நிதானமா.

நானும் இங்க எண்ணுறேன். முப்பது ஆனதும் ரெண்டு பேரும் இறங்கலாம்.

உங்க ஸ்க்ரூ